ரோட்டரி எஞ்சினுக்கு இன்டேக் மேனிஃபோல்ட் பொருத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டுபவர்களில் ஒரு சிறு கூட்டம் மாஸ்டாவின் 13பி ரோட்டரி எஞ்சினை விரும்பி எடுக்கிறது. இரண்டு ரோட்டர், 1,308 சிசி, மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. ஆனால் கார் எஞ்சினோடு வரும், காற்றை உள்ளே கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்ட் பெரும்பாலும் விமானத்தின் மூக்கு மூடிக்குள் அடங்காது. அடங்கினாலும் அது காரின் தேவைக்காகச் செய்யப்பட்டது. அதனால் புதிதாகச் செய்துகொள்வதே நல்லது.

படி 1: உங்கள் எஞ்சின் எது?

13பி-யில், காற்று நுழையும் துளைகளின் எண்ணிக்கைப்படி, நான்கு துளை வகையும் ஆறு துளை வகையும் உண்டு. ஆர்எக்ஸ்-8 காரின் ரெனெசிஸ் எஞ்சினிலும் இரண்டு வகையும் வந்தன. முதன்முறை செய்பவர்கள் நான்கு துளை எஞ்சினையே எடுங்கள். நடு ஹவுசிங்கில் இரண்டு, முன்னும் பின்னும் ஒவ்வொன்று என நான்கு குழாய்களோடு வேலை முடியும்.

படி 2: எஞ்சின் முகத்தைச் சரிபாருங்கள்

ரோட்டரி எஞ்சின் பல ஹவுசிங்குகளை அடுக்கி, நீண்ட போல்ட்களால் இறுக்கியது. மேனிஃபோல்ட் உட்காரும் முகம் மூன்று தனித்தனி வார்ப்புகளில் பரவியிருக்கிறது. நேரான எஃகு அடிமட்டத்தை வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளி பாருங்கள். ஒரு ஹவுசிங் சற்று உள்வாங்கியிருந்தால் அங்கேதான் பின்னால் காற்று கசியும். சில பழைய எஞ்சின்களில் தண்ணீர்ப் பாதையும் இந்த முகத்தில் திறந்திருக்கும். இருந்தால் அதை அடைத்தாக வேண்டும்.

படி 3: குழாயின் நீளம்

அதிக நேரம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு ரோட்டரின் துளை திறந்து மூடும்போது குழாய்க்குள் அழுத்த அலை பிறக்கிறது. அது குழாய்கள் எல்லாம் சேரும் பொது அறைக்கு வந்து, மற்ற ரோட்டரின் குழாய்க்குள் போகிறது. அந்தத் துளை மூடுவதற்குச் சற்று முன்பு போய்ச் சேர்ந்தால் கூடுதல் காற்று உள்ளே தள்ளப்படும். 1984-ஆம் ஆண்டு ஆர்எக்ஸ்-7 காரில் மாஸ்டா இதைப் பயன்படுத்தியது.

ஷாஃப்ட் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் ஒரு சுற்றுக்கு 10 மில்லிநொடி. அதற்குள் ஒலி ஏறக்குறைய 3.4 மீட்டர் போகும். 3,000 சுற்றில் அதுவே 6.8 மீட்டர். வேகம் மாறினால் பொருந்தும் நீளமும் மாறுகிறது. 1991-இல் லே மான் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி, ஓடும்போதே நீண்டு சுருங்கும் குழாய்களை வைத்திருந்தது இதனால்தான். விமானத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. 2.85-க்கு 1 என்ற குறைப்புப் பல்சக்கரம் இருந்தால், எஞ்சின் 6,000 சுற்றில் ஓட, புரொப்பெல்லர் ஏறக்குறைய 2,100 சுற்றில் சுற்றும். பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்த ஒரே வேகத்தில்தான் கழியும். அதற்கு மட்டும் நீளத்தைப் பொருத்துங்கள்.

முதலில் சிலிக்கான் ஹோஸ் இணைப்போடு தற்காலிகமாகச் செய்து, தரையில் சில நீளங்களை ஓட்டிப் பார்க்கலாம். ஒன்றை மறக்காதீர்கள்: கோணம் மாறாத புரொப்பெல்லர் என்றால், நிற்கும் விமானத்தில் கிடைக்கும் சுற்று வேகம் பறக்கும்போது கிடைப்பதைவிடக் குறைவு.

படி 4: ஃப்ளாஞ்சும் வெல்டிங்கும்

கேஸ்கட்டையே அச்சாக வைத்து, 12 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஃப்ளாஞ்ச் வெட்டுங்கள். மெல்லிய தகடு டிக் வெல்டிங் சூட்டில் வளையும். பழைய ஹவுசிங் அடுக்கு ஒன்றில் போல்ட் போட்டு இறுக்கி வெல்டிங் செய்து, ஆறியபின் கழற்றுங்கள். பிறகு முகத்தை மில்லிங்கில் சமப்படுத்துங்கள். எஞ்சினில் ஏற்றும் முன், ஃப்ளாஞ்சுக்கு மூடித்தகடு போட்டு, 2–3 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

படி 5: சுத்தம், பிறகு இறுக்குதல்

குழாய்க்குள் ஒரு வெல்டிங் மணிகூட இருக்கக் கூடாது. வழியில் தடுக்க வால்வு இல்லை. தளர்ந்த எதுவும் நேராக ரோட்டர் அறைக்குள் போய், ரோட்டரின் முனையிலுள்ள ஏபெக்ஸ் சீலை உடைக்கும். உள்ளே நட், வாஷர், திருகு எதையும் வைக்காதீர்கள். போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றாக, பட்டறைக் கையேட்டில் சொன்ன டார்க் அளவுக்கு இறுக்குங்கள்.

படி 6: த்ராட்டில், தாங்கி, வெப்பம்

கார் த்ராட்டிலின் ஸ்பிரிங் மூடும் பக்கம் இழுக்கும். விமானத்தில் அதைத் திறக்கும் பக்கம் மாற்றுங்கள். கேபிள் அறுந்தாலும் எஞ்சின் சக்தி தரும். மேனிஃபோல்டின் எடையைத் தாங்கும் பட்டையை எஞ்சினோடு மட்டும் பிணையுங்கள், ஃபயர்வாலோடு வேண்டாம். ஃபயர்வாலோடு பிணைத்தால், ரப்பர் தாங்கிகளில் எஞ்சின் ஆடும்போது பட்டை முறியும். புகைப்போக்கிக் குழாய் அதே பக்கத்தில், கீழே இருக்கிறது. ரோட்டரியின் புகை மிகமிகச் சூடானது. இடையில் வெப்பத்தடுப்புத் தகடும், எரிபொருள் ஹோஸ்களுக்குத் தீயுறையும் கட்டாயம்.

படி 7: தரைச் சோதனை

முதல் ஓட்டத்துக்குப் பின் முழுதாக ஆறவிட்டு, போல்ட்களை மறுபடி டார்க் பாருங்கள். அமெரிக்காவில் சான்றிதழ் பெறாத எஞ்சினோடு வரும் வீட்டு விமானத்துக்கு வழக்கமாக 40 மணி நேரச் சோதனைப் பறப்பு விதிக்கப்படுகிறது. அதைத் தொடங்கும் முன், இந்த வேலையில் கை வைக்காத அனுபவசாலி ஒருவரை அழைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லாமல் ஓடுபாதைக்குப் போகாதீர்கள்.