நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஏரியல் நீண்டால் ஒலி தெளியுமா?

சிற்றலை வானொலியைப் பற்றி நம் பக்கத்தில் வழங்கிவரும் அபிப்பிராயங்களுள் மிகப் பழையதும், மிக ஆழமாக வேரூன்றியதும், ஒலி சரியாகக் கேட்காவிட்டால் ஏரியல் போதவில்லை என்பதுதான். சுந்தரமூர்த்தி நாயனாரின் ஜன்மஸ்தலமாகிய திருநாவலூரிலும், கெடிலக்கரைக் கிராமங்களிலும், உளுந்தூர்ப்பேட்டைக் கடைவீதியிலும், அயல்நாட்டு நிலையங்களைத் தேடிக் கேட்கும் பழக்கமுடைய எவரிடம் யோசனை கேட்டாலும், பத்து அடிக் கம்பியை அறுபது அடியாக்கு, மாடியில் கட்டியதைத் தென்னையில் கட்டு என்றே உபதேசம் கிடைக்கும். அவ்வாறே செய்தபின், இரைச்சல் பெருகி, ஒரு நிலையத்தின்மேல் மற்றொன்று ஏறி, முன்பிருந்த தெளிவும் போய்விட்டதென்றால், பெட்டி பழுதாகிவிட்டது என்று தீர்மானித்து அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். பெட்டி பழுதாகவில்லை, அது தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சமிக்ஞை அதனுள் புகுந்துவிட்டது, அவ்வளவே.

இந்த நம்பிக்கை ஒரு காலத்தில் முழு உண்மையாகவே இருந்தது என்பதை மறந்துவிடலாகாது. 1952இல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்ததன் பின்னர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகள் அருகிப் போக, தமிழ்நாட்டின் செவிகள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பின. அதற்கு ஈடுகட்டும் பொருட்டு 1957 அக்டோபர் 3ஆம் தேதி தொடங்கப்பெற்ற விவித பாரதியும் முதலில் சிற்றலையில்தான் வந்தது. அந்நாளில் மர்பி, பிலிப்ஸ், புஷ் என்று வீட்டுக் கூடத்தை அலங்கரித்த வால்வு செட்டுகளில், ஒவ்வொரு பேண்டுக்கும் தனித்தனிக் காயில் உண்டு. ஏரியலிலிருந்து வரும் அலைகளுள் வேண்டிய பகுதியை மட்டும் உள்ளே விட்டு, மற்றவற்றைப் பெரும்பாலும் வாசலிலேயே தடுத்து நிறுத்துவது அந்தக் காயிலின் வேலை. வால்வும் சற்றுப் பெரிய மின்னழுத்தத்தைச் சலனமின்றித் தாங்கும். ஆகவே இரு மூங்கில்களுக்கு நடுவே நீளக் கம்பி கட்டியவர்கள், உள்ளபடியே நல்ல பலனைக் கண்டார்கள். இன்று கையடக்கமாக விற்கும் பெட்டியோ, தன்னோடு இணைந்த இழுப்புக் கம்பியில் வரும் சிறு சமிக்ஞைக்கென்றே வகுக்கப்பட்டது. விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் முன்வாசல் காவலும் மிகச் சொற்பம். அதன் தலையில் அறுபது அடிக் கம்பியைக் கட்டினால், நாம் தேடும் நிலையத்தோடு, தேடாத நிலையங்கள் யாவும் ஒரே சமயத்தில் முதல் டிரான்சிஸ்டரின்மீது வந்து விழுகின்றன.

அந்தத் தேடாத நிலையங்கள் எவை என்பதைத் திருநாவலூரில் நின்று பார்த்தாலே விஷயம் விளங்கும். கிழக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் புதுச்சேரி. 1967இல் தோன்றிய அதன் வானொலி நிலையம் மத்திய அலையில் 1215 கிலோஹெர்ட்ஸில் இருபது கிலோவாட் சக்தியோடு நெடுங்காலம் ஒலித்து வந்தது. தெற்கே திருச்சிராப்பள்ளியின் 936. வடக்கே சென்னையின் 720. பொழுது சாய்ந்த பிறகு, கடலுக்கு அப்பால் இலங்கைப் புத்தளத்திலிருந்து நானூறு கிலோவாட் சக்தியோடு 882 கிலோஹெர்ட்ஸும் வந்து சேர்ந்துகொள்கிறது. இவை போதாவென்று, இரவு நேரத்தில் 41 மீட்டர், 31 மீட்டர் பேண்டுகளில் சீனத்திலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வரும் நிலையங்கள் மிகுந்த வலிமையோடு இறங்குகின்றன. ஓர் அளவுக்கு மேல் சமிக்ஞை வந்துவிட்டால், டிரான்சிஸ்டர் அதை உள்ளது உள்ளபடி பெருக்குவதை விட்டு, வந்த அலைகளை ஒன்றோடொன்று கலந்து, வானத்தில் எங்குமே இல்லாத புதிய அலைகளை உண்டாக்கத் தொடங்குகிறது. 6,000 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிலையமும், 9,500இல் ஒரு நிலையமும் பலமாக வந்தால், இரண்டின் கூட்டுத்தொகையான 15,500இல் இரண்டு குரல்களும் பின்னிப் பிணைந்து கேட்கும். மத்திய அலைப் பாட்டொன்று எந்த நிலையத்தைத் திருப்பினாலும் பின்னணியில் ஒலிப்பதும் இதே பிணியின் இன்னொரு ரூபம்.

நம்பிக்கை: “லோக்கல் – டி.எக்ஸ்” என்ற விசையை எப்போதும் டி.எக்ஸ் பக்கமே வைத்திருக்க வேண்டும். லோக்கலுக்குத் தள்ளினால் தூரத்து நிலையம் போய்விடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த நம்பிக்கைதான். ஏனெனில் நோயைக் கண்டறியும் பரீட்சையும் அதற்குரிய நிவாரணமும் அந்தச் சிறு விசையிலேயே அடங்கியிருக்க, அதைத் தொடாதே என்று நாம் சொல்லிக்கொடுத்து வருகிறோம். விசையை லோக்கலுக்குத் தள்ளும்போது ஏரியலிலிருந்து வரும் எல்லாச் சமிக்ஞையும் ஒரே விகிதத்தில் குறைகிறது. ஆனால் பெட்டிக்குள் பிறந்த போலி அலைகள் அந்த விகிதத்தில் குறைவதில்லை. வெளியிலிருந்து வருவதைப் பாதியாக்கினால், உண்மையான நிலையம் பாதியாகிறது. இரண்டு நிலையங்களின் கூட்டலாகவோ கழித்தலாகவோ பிறந்த போலி நாலில் ஒரு பங்காகிறது. ஒன்றின் இரட்டிப்பிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பிறக்கும் போலியோ எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. உண்மை நிலையத்தின் ஒலி குறைந்ததைப் பெட்டியின் தானியங்கிக் கட்டுப்பாடு சரிக்கட்டிவிடும். போலி மட்டும் காணாமற் போகும். ஆகவே, விசையைத் தள்ளியதும் குழப்பம் நீங்கித் தெளிவு பிறந்தால், மிகுதியே காரணம் என்று திடமாகச் சொல்லலாம். எதுவும் மாறாமல் கரகரப்பு அப்படியே நின்றால், அது வேறு வியாதி. அதைப் பின்னால் பார்ப்போம்.

விசை இல்லாத பெட்டிக்கும் வழி உண்டு. இழுப்புக் கம்பியைப் பாதி உள்ளே தள்ளிப் பார்ப்பது முதல் வழி. வெளி ஏரியல் போட்டவர்கள், வானொலிக் கடையில் கிடைக்கும் 1 கிலோஓம் வால்யூம் கண்ட்ரோல் ஒன்றை வாங்கி, அதன் ஒரு முனையை ஏரியலுக்கும் மறு முனையை எர்த்துக்கும் இணைத்து, நடு முனையைப் பெட்டிக்குக் கொடுத்தால், வேண்டிய மட்டும் குறைத்துக்கொள்ளலாம். பெட்டியின் ஒலியளவைக் குறைப்பது இதற்கு ஈடாகாது. அது ஸ்பீக்கருக்குப் போவதைக் குறைக்குமேயன்றி, ஏரியலிலிருந்து வருவதை ஒன்றும் செய்யாது.

நம்பிக்கை: ஒரே நிலையம் டயலில் இரண்டு இடத்தில் கேட்டால், அவர்கள் இரண்டு அலைகளில் ஒலிபரப்புகிறார்கள்.

சில வேளைகளில் அப்படியும் இருக்கலாம். ஆனால் இரண்டு இடங்களுக்கும் உள்ள தூரம் 910 கிலோஹெர்ட்ஸ் என்றால், அது நிலையத்தின் காரியமன்று, பெட்டியின் காரியம். சாதாரணப் பெட்டிகள் வரும் அலையை 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டே வேலை செய்கின்றன; அதன் இரட்டிப்பான 910 தள்ளி, ஒவ்வொரு வலிய நிலையத்துக்கும் ஒரு பிரதிபிம்பம் தோன்றும். 9,500இல் உள்ள நிலையம் 8,590இலும் கேட்பது இதனால்தான். முதல் மாற்றத்தை 55 மெகாஹெர்ட்ஸுக்கும் மேலான அலைவெண்ணுக்குச் செய்து, பிறகு 455க்கு இறக்கும் இரட்டை மாற்றப் பெட்டிகளில் இந்தத் தொல்லை மிகவும் அரிது.

நம்பிக்கை: பெட்டியில் குறுகிய பில்டர் இருந்தால் எந்த இடையூறும் அண்டாது.

விலை உயர்ந்த பெட்டிகளில் “வைட் – நேரோ” என்றொரு விசை இருக்கும். ஐந்து கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் அயல் நிலையத்தின் கிறீச்சொலியை விலக்க அது மிக நல்ல சாதனம். ஆனால் அது பெட்டியின் நடுவில் அமர்ந்திருப்பது. கலப்பு நிகழ்வதோ அதற்கு முன்பே, வாசலில். அங்கே பிறந்த போலி, நாம் திருப்பிய அலைவெண்ணிலேயே பிறந்துவிட்டால், உண்மைக்கும் போலிக்கும் வித்தியாசம் காண எந்த வடிகட்டியாலும் இயலாது. உலையில் உப்பைக் கரைத்த பிறகு சல்லடையைத் தேடுவதில் பயனில்லை. வடிகட்டி, ஏரியலுக்கும் பெட்டிக்கும் இடையே இருக்க வேண்டும்.

அதைச் செய்வது கடினமான காரியமன்று என்பதால், சற்று விவரமாகவே எழுதுகிறேன். 2,200 பைக்கோஃபாரட் கண்டென்சர் ஒன்று, 680 பைக்கோஃபாரட் ஒன்று, மறுபடி 2,200 ஒன்று என்று மூன்றையும் வரிசையாக ஏரியல் பாதையில் இணைத்து, அவை சேரும் இரண்டு சந்திகளிலிருந்தும் 2.2 மைக்ரோஹென்றி காயில் ஒவ்வொன்றை எர்த்துக்கு இறக்கினால் போதும். சென்னை ரிச்சி தெருவில் ரெசிஸ்டர் போன்ற உருவத்திலேயே இந்தக் காயில்கள் கிடைக்கும். இரண்டு காயில்களையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து, சிறு தகர டப்பாவில் அடைத்துவிட வேண்டும். ஏறத்தாழ இரண்டேகால் மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை இது தாராளமாக விடும்; அதற்குக் கீழே, கணக்கின்படி, புதுச்சேரியின் 1215 ஏறத்தாழ இருபத்துநாலில் ஒரு பங்காகவும், திருச்சியின் 936 ஏறத்தாழ எண்பத்தெட்டில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். இந்தக் கணக்கு 50 ஓம் ஏரியலையும் 50 ஓம் பெட்டியையும் உத்தேசித்தது. வெறும் நீளக் கம்பியில் பலன் சிறிது மாறுபடும், ஆயினும் மத்திய அலையின் ஆதிக்கம் நீங்குவதைக் காது கட்டாயம் உணரும். வெளி ஏரியலுக்கென்று துளை உள்ள பெட்டிகளுக்கே இது பொருந்தும்.

கணினியோடு இணைத்துக் கேட்கும் புதிய சாதனங்களை வாங்கிய இளைஞர்கள், இந்தப் பழைய தொல்லைகள் தங்களுக்கு இல்லை என்று எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர் விரோதமானது. விலை மலிவான எட்டு பிட் சாதனம் ஒன்று, வரும் சமிக்ஞை முழுவதையும் 256 படிகளில் அளந்தாக வேண்டும். வலிய நிலையம் ஒன்று அந்தப் படிகள் அனைத்தையும் நிரப்பிவிட்டால், மெலிந்த நிலையத்துக்கு ஒரு படிகூட மிஞ்சுவதில்லை. வடிகட்டி வேறெவரையும்விட இவர்களுக்கே அவசியம். பண்பலை நிலையங்கள் அருகில் இருப்பின், 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைத் தடுக்கும் வடிகட்டியும் சேர்த்து வேண்டும்.

கல்வராயன் மலைக்குப் போய் வந்தவர்கள், அங்கே சிற்றலை அற்புதமாகக் கேட்கிறது, உயரமே காரணம் என்கிறார்கள். அனுபவம் மெய், காரணம் பிழை. முந்நூறு கிலோமீட்டர் அளவு உயரத்தில் உள்ள அயனி மண்டலத்திலிருந்து திரும்பி வரும் அலைக்கு, மலையின் இரண்டாயிரம் மூவாயிரம் அடி ஒரு பொருட்டன்று. மலைக் கிராமங்களில் வீடுகள் விலகி விலகி இருக்கின்றன, எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், விரிசல் கண்ட மின்கம்பப் பீங்கான் ஆகியவை எழுப்பும் இரைச்சல் அங்கே இல்லை. முன்னே சொன்ன வேறு வியாதி இதுதான். வீட்டு மெயின் சுவிட்சை ஐந்து நிமிஷம் அணைத்துவிட்டுப் பாட்டரியில் கேட்டுப் பாருங்கள். கரகரப்பு அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான், அடங்காவிட்டால் அண்டையிலோ மின்கம்பத்திலோ தேட வேண்டும். அத்தகைய இரைச்சலுக்கு வடிகட்டியும் மருந்தன்று, விசையும் மருந்தன்று; இரைச்சலை எழுப்பும் பொருளை மாற்றுவதும், ஏரியலை வீட்டை விட்டுத் தள்ளிக் கட்டுவதுமே வழி.

லண்டன் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு ஓய்ந்தது. அதற்குப் பின் பரணுக்குப் போன பெட்டிகள் நம் ஊர்களில் அநேகம். அவற்றை எடைக்குப் போடுமுன், கீழிறக்கித் துடைத்து, பாட்டரி இட்டு, ஏரியலைக் கழற்றிவிட்டு ஒரு முறையும், விசையை லோக்கலில் வைத்து ஒரு முறையும் இரவு எட்டு மணிக்குமேல் கேட்டுப் பாருங்கள். பழுதுபார்க்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பெட்டியைத் திறப்பதற்கு முன், வந்தவர் வீட்டில் எத்தனை அடிக் கம்பி கட்டியிருக்கிறார் என்று கேளுங்கள்.