விலைப் பட்டியலும் கடைக்காரர் இலாபமும்

வாரச் சந்தையில் ஒரே ரகத் தக்காளி பத்துக் கடைகளில் வரிசையாக இருந்தால், கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிச் சொல்பவரிடம் எவரும் நிற்பதில்லை. இணையத்தில் எங்கெங்கோ உள்ள கடைகளும் இப்படி ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. அப்படியானால் அக்கடைகளுக்கு இலாபம் எங்கிருந்து வருகிறது? தெளிப்பான், தார்ப்பாய், மோட்டார் உதிரி பாகம் முதலியவற்றைக் கைப்பேசி மூலம் தருவிக்கும் விவசாயிகள் இதை அறிந்துகொள்வது பயன் தரும்.

அமெரிக்காவில் 'பிரைஸ்வாட்ச்' என்னும் இணையதளம் கம்ப்யூட்டர் பாகங்களின் விலைகளை, குறைந்த விலை முதலில் வரும்படி பட்டியலிட்டு வந்தது. அதில் 'மெமரி' சில்லு விற்ற ஒரு நிறுவனத்தின் 2000, 2001ஆம் ஆண்டு விற்பனைக் கணக்கைக் கிளென் எல்லிசன், சாரா எல்லிசன் என்ற பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டனர். மட்ட ரகச் சில்லின் விலையை நூற்றுக்கு 1 வீதம் கூட்டினால், விற்பனை நூற்றுக்கு 20 வீதத்துக்கும் மேல் குறைந்தது. ஆகவே அச்சரக்கு ஏறக்குறைய அடக்க விலைக்கே போயிற்று.

எனினும் கடைக்காரர்கள் நஷ்டப்படவில்லை. மலிவுச் சரக்கு தூண்டில் புழுவாயிற்று. அதைப் பார்த்து வந்தவரிடம் அதன் குறைகளை அடுக்கிக் காட்டி, உயர்ந்த ரகத்தை நல்ல இலாபத்துக்கு விற்றனர். வேறொரு தந்திரமும் இருந்தது. சில்லின் விலை 1 டாலர் என்று பட்டியலில் போட்டுவிட்டு, பணம் கட்டும்போது அனுப்பும் செலவு 40 டாலர் என்று கேட்ட கடைகளும் உண்டு. பட்டியலில் முதலிடம் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி ஏது! பிறகு அத்தளமே அனுப்பும் செலவுக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று.

விலையை ஒப்பிடுவது எளிதாக ஆக, சரக்கை ஒப்பிட முடியாதபடி செய்வதில் விற்பவர் கருத்தூன்றுகிறார். இரண்டு பேட்டரி தெளிப்பான்கள் 16 லிட்டர் என்றே இருக்கும். ஒன்றில் பேட்டரி 8 ஆம்பியர்-மணி, மற்றதில் 12. மலிவானது எதனால் மலிவு என்பது அங்கேதான் தெரியும். அனுப்பும் செலவு, உத்தரவாதக் காலம், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் சேர்த்து எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டுத் தொகையோடு பக்கத்து ஊர்க் கடைக்குச் சென்று, அதே ஆம்பியர்-மணிக்கு அங்கே என்ன விலை, வாஷரும் நாசிலும் எப்போதும் கிடைக்குமா என்று விசாரிக்கலாம்.