கறிக்கோழியும் ஹார்மோன் ஊசியும்

கறிக்கடையில் கோழியைத் தராசில் வைக்கும்போதே பின்னால் நிற்பவர் ஆரம்பித்துவிடுவார். "எல்லாம் ஹார்மோன் ஊசிங்க. இல்லாட்டி நாற்பது நாள்ல ரெண்டு கிலோ எப்படி வரும்?" கேள்வி நியாயமானதுதான். நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ தேற மாதக்கணக்கில் காத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது மாயமாகத்தான் தெரியும். அவர் சொல்லும் பதில்தான் தப்பு.

ஹார்மோன் இல்லாமல் எந்தக் கோழியும் வளராது. மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை விடுகிறது. அது ஈரலுக்குப் போய் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. தின்றதில் எவ்வளவை எரிப்பது, எவ்வளவைச் சேர்த்து வைப்பது என்ற கணக்கைத் தைராய்டும் இன்சுலினும் பார்த்துக்கொள்கின்றன. இதில் ஒன்றை மட்டும் வெளியிலிருந்து ஊற்றினால் உடம்பு பெருத்துவிடாது. கோழிகளில் ஒரு குள்ள ரகம் உண்டு. அதன் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் தாராளமாகவே ஓடும். ஆனால் அதை வாங்கிக்கொள்ள வேண்டிய ஏற்பி மரபணுக் கோளாறால் பழுதாகியிருக்கும். எனவே கோழி கடைசிவரை குள்ளமாகவே நிற்கும்.

"தீவனத்தில் கலக்கிறார்கள்" என்பது இன்னொரு பேச்சு. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். வயிற்றுக்குள் போனால் இட்லியில் உள்ள உளுந்தைப் போலச் செரித்துப்போகும். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலினை மாத்திரையாகத் தராமல் ஊசியாகப் போடுவதும் இதனால்தான். சரி, ஊசியே போடுவதாக வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் அது நிமிடக்கணக்கில்தான் தங்கும், திரும்பத் திரும்பப் போட்டாக வேண்டும். பல்லடம் பக்கம் ஒரு கொட்டகையில் ஐயாயிரம் கோழி நிற்கும். ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடக் கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலி வாங்கும் பண்ணையாளருக்குக் கட்டுப்படியாகுமா? சித்திரை வெயிலில் கோழியைக் கலைத்தாலே சில செத்து விழும். அதோடு, இளங்குஞ்சுகளுக்கு இந்த ஹார்மோனைச் செலுத்திப் பார்த்த ஆய்வுகளிலும் சொல்லிக்கொள்ளும்படி எடை கூடவில்லை.

பிறகு எப்படித்தான் வளர்கிறது? கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியான விடை. 1957ஆம் ஆண்டு ரகம், 1978ஆம் ஆண்டு ரகம், 2005ஆம் ஆண்டு ரகம் என மூன்றையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாளில் முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம் நின்றது. தீவனம் மாறவில்லை, வித்து மாறியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்ந்தவற்றையே பொறுக்கி இணை சேர்த்ததன் பலன் இது. இப்படிப் பொறுக்கியதில் பசியும் கூடவே வளர்ந்துவிட்டது. கறிக்கோழிக் குஞ்சைத் தரும் தாய்க்கோழிகளுக்கு வயிறார இரை வைப்பதில்லை. அளந்துதான் போடுவார்கள். வைத்தால் தின்று கொழுத்து முட்டையிடத் திணறும். கறிக்கோழியின் வேகத்தைக் குறை சொல்ல வேண்டுமானால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஊசி போடுவதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. பொரிப்பகத்தில் ஒருநாள் குஞ்சின் கழுத்துத் தோலுக்கடியில் மேரக்ஸ் நோய்க்கான தடுப்பூசி போடும் வழக்கம் உண்டு. வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு விடுவார்கள். வதந்திக்கு உண்மையான பழைய வேர் ஒன்றும் இருக்கிறது. 1940களில் அமெரிக்காவில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் வில்லையைச் சேவல்களின் கழுத்தில் புதைத்தார்கள். கறியில் கொழுப்பு கூடியது. மிச்சம் இறைச்சியில் தங்கியதால் 1959இல் கோழிகளுக்கு அது நிறுத்தப்பட்டது.

பெண்குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதற்கும் பிராய்லர்மீதே பழி விழுகிறது. ஐந்தாறு வாரத்தில் வெட்டப்படும் கோழி இனமுதிர்ச்சியையே எட்டியிருக்காது. குழந்தையின் உடல் எடைக்கும் பூப்படையும் வயதுக்கும் உள்ள தொடர்பைத்தான் மருத்துவர்கள் கவனிக்கிறார்கள்.

மாட்டில் கதை வேறு. அங்கே ஹார்மோன் ஊசி உண்மையிலேயே வேலை செய்யும். அமெரிக்காவில் 1994 முதல் கறவை மாடுகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி விற்பனைக்கு வந்தது. பதினான்கு நாளுக்கு ஒருமுறை போட்டால் பால் கூடும். மடிவீக்கமும் கால்நோவும் கூடுமென்று கனடா 1999இல் அதை மறுத்துவிட்டது.

நம் ஊரில் பேசப்படுவது ஆக்ஸிடோசின். அது பாலைக் கூட்டாது, மடியில் ஏற்கெனவே ஊறிய பாலை இறக்கிவிடும், அவ்வளவுதான். கன்று முட்டும்போது மாட்டின் உடம்பே அதைச் சுரக்கிறது. கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் அடைத்து மாட்டின் முன் நிறுத்திக் கறப்பார்களே, அந்தத் தந்திரம் இந்தச் சுரப்பைத் தூண்டத்தான். மாடு மிரண்டால் அட்ரினலின் குறுக்கே வந்து பால் இறங்காது. ஊசியாகப் போட்டாலும் ரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும், குடிப்பவர் வயிற்றிலும் செரித்துவிடும். பாதிப்பு மாட்டுக்குத்தான். பழகிவிட்டால் ஊசி இல்லாமல் பால் விடாது. பிரசவத்தின்போது தாயின் ரத்தப்போக்கைத் தடுப்பதும் இதே மருந்துதான். மாட்டுக்குத் தவறாகப் போடுகிறார்கள் என்று மத்திய அரசு 2018இல் தனியார் தயாரிப்புக்குத் தடை போட, அந்த ஆண்டு டிசம்பரிலேயே டெல்லி உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

கவலைப்பட வேண்டிய பொருள் பண்ணையில் இல்லாமல் இல்லை. 'வளர்ச்சி ஊக்கி' என்று தீவனத்தில் சேர்க்கப்பட்டு வந்தது பெரும்பாலும் ஆன்டிபயாடிக். அந்தப் பெயர்தான் ஹார்மோன் என்று காதில் விழுந்திருக்க வேண்டும். மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்கு மருத்துவமனையில் கடைசியாக எடுக்கப்படும் கொலிஸ்டினைக்கூடக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். இந்தியா அதைத் தடை செய்தது 2019இல்தான். நோய்க்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால், நிறுத்தி இத்தனை நாள் கழித்தே கறிக்கு அனுப்ப வேண்டும் என்ற கெடு உண்டு. கோழி விலை ஏறும் வாரத்தில் அந்தக் கெடுவைக் குறைக்கும் ஆசை யாருக்கும் வரும். கறியை எடுத்து ஆய்வகத்தில் சோதித்தால்தான் அது தெரியும்.