ஐந்து நாற்காலிகள்

நாடுகளின் வல்லமை மாறிவருகிறது. அதற்கேற்ப நாற்காலிகள் மாறினவா? ஐக்கிய நாடுகள் சபையின் பாதுகாப்புச் சபையை எண்ணிப் பாருங்கள்.

1945 ஜூன் 26-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் அதன் சாசனம் கையெழுத்தாயிற்று. இந்தியாவுக்காகக் கையொப்பமிட்டவருள் ஒருவர் ஆர்க்காடு இராமசாமி முதலியார். அன்று நாம் விடுதலை பெறவில்லை. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் அடிமைப்பட்டிருந்தது. உறுப்பு நாடுகள் 51. அவற்றுள் ஐந்து, நிலையான இடமும் ‘வீட்டோ’ என்னும் தடுப்பதிகாரமும் பெற்றன.

இன்று உறுப்பு நாடுகள் 193. ஆப்பிரிக்க நாடுகள் 54-இல் ஒன்றுக்கேனும் நிலையான இடம் இல்லை. 2023-இல் மக்கள்தொகையில் முதலிடம் எய்திய இந்தியாவுக்கும் இல்லை.

காரணம் யாது? சாசனத்தின் 108-ஆவது விதி. மூன்றில் இருபங்கு நாடுகள் இசைந்தாலும், ஐந்தில் ஒன்று ஏற்க மறுத்தால் திருத்தம் செல்லாது.

ஆயினும் சோர்வுக்கு இடமில்லை. 1963-இல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுபட்டு இச்சபையை விரிவாக்கக் கோரின. வாக்கெடுப்பில் ஐந்தில் ஒன்றே ஆதரித்தது. எனினும் ஈராண்டுக்குள் ஐந்தும் இணங்கின. 1965-இல் 11 இடங்கள் 15 ஆயின. கூடிய நான்கும் தற்காலிக இடங்களே என்பது உண்மை.

ஆனால் பாடம் தெளிவு, தோழர்களே! இந்தியா தனக்கென மட்டும் கேட்டால் அது விண்ணப்பம். இடமற்ற பலரோடு சேர்ந்து கேட்டால் அது உரிமைக்குரல்.