டைரியில் எழுதும் ஒரு வரி

கேள்வி: ஹப்சிகுடாவில் ஒரு பிளே ஸ்கூலில் நர்சரி டீச்சராக இருக்கிறேன். என் வகுப்பில் மூன்றரை வயதுப் பையன் ஒருவன் மற்ற குழந்தைகளைப் பிடித்துத் தள்ளுகிறான். 'முரட்டுத்தனம் அதிகம், கண்டியுங்கள்' என்று டைரியில் எழுதி அனுப்பினேன். மறுநாள் டைரியில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. பையன் தொடையில் அடித்த தடமும் இருந்தது. அன்றிலிருந்து எழுதவே பயமாக இருக்கிறது. எழுதாவிட்டாலோ, 'ஏன் சொல்லவில்லை?' என்று சண்டைக்கு வருகிறார்கள். எதை எழுதுவது, எதை விடுவது?
– பெயர் வேண்டாம், ஹைதராபாத்-7

பதில்: எழுதுவதை நிறுத்தாதீர்கள், எழுதும் விதத்தை மாற்றுங்கள். 'முரட்டுத்தனம்' என்பது உங்கள் தீர்ப்பு. 'கண்டியுங்கள்' என்பது உத்தரவு. அதை அந்த அப்பா தனக்குத் தெரிந்த வழியில் நிறைவேற்றிவிட்டார்.

இனி கண்ணால் கண்டதையும் நீங்கள் செய்ததையும் மட்டும் எழுதுங்கள். 'சறுக்கு மரத்தில் முன்னால் நின்ற குழந்தையைத் தள்ளினான். என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அடுத்த முறை காத்திருந்தான்.' பள்ளியிலேயே தீர்ந்துபோன விஷயம் என்று வீட்டில் புரிந்துகொள்வார்கள்.

2022-ல் வந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டம், மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குத் தேர்வே பொருந்தாது என்கிறது. ஆசிரியர் கவனித்து எழுதும் குறிப்புகளை மதிப்பீட்டுக்கு முக்கியமாக நம்புகிறது. நியூசிலாந்தில் மார்கரெட் கார் உருவாக்கிய 'கற்றல் கதைகள்' முறையில், குழந்தைக்கு என்ன கைவந்தது என்பதை ஆசிரியர் சின்னக் கதையாக எழுதுகிறார். வீட்டில் கண்டதைப் பெற்றோரும் சேர்க்கிறார்கள். வாரம் ஒரு குழந்தைக்கு இப்படி நான்கு வரி எழுதிப் பாருங்கள். புகாருக்காக மட்டும் திறக்கும் டைரியைக் கண்டால் எந்தப் பெற்றோருக்கும் எரிச்சல்தான் வரும்.

சாப்பாடு, தூக்கம், மருந்து, மறுநாள் கொண்டுவர வேண்டியவை ஆகியவற்றை டைரியில் எழுதலாம். காயம் பட்டால் அன்றே எழுதியாக வேண்டும்: எத்தனை மணிக்கு, எங்கே, என்ன முதலுதவி. இன்னொரு குழந்தையால் பட்ட காயம் என்றால் அந்தக் குழந்தையின் பெயர் வேண்டாம். தள்ளுவது, கடிப்பது, பேச்சு தாமதமாவது போன்ற கவலைகள் தொடர்ந்தால் பெற்றோரை நேரில் அழைத்துப் பேசுங்கள். எழுத்துக்குக் குரல் கிடையாது. நீங்கள் அக்கறையோடு எழுதியதும் அவர்கள் காதில் அதட்டலாக விழும்.

வாட்ஸ்அப் குரூப்பில் லீவு, விழா போன்ற பொது அறிவிப்புகள் போதும். எந்தக் குழந்தையைப் பற்றியும் அங்கே பேச்சு வேண்டாம். போட்டோ போடுவதற்கு அட்மிஷன் சமயத்திலேயே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவல்களுக்குப் பெற்றோர் சம்மதத்தை வலியுறுத்துகிறது.

இன்னொன்று மொழி. என்ஜிஆர்ஐ, சிசிஎம்பி, ஐஐசிடி ஆய்வு நிறுவனங்கள் எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் உங்கள் பகுதிக்குப் பல மாநிலத்தவர் வருகிறார்கள். தெலுங்கு, உருது, இந்தி, தமிழ் என்று வீட்டுக்கு வீடு மொழி மாறும். டைரியைப் படிப்பது யார், எந்த மொழியில் என்று முதல் வாரமே கேட்டு வையுங்கள். இங்கிலீஷ் படிக்காத பாட்டிக்கு அரை நிமிட வாய்ஸ் மெசேஜ் போதும்.

இப்போது அந்தப் பையன் விஷயம். தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்து அப்பா, அம்மா இருவரிடமும் பேசுங்கள். அவனிடம் நீங்கள் கண்ட நல்லதைச் சொல்லி ஆரம்பியுங்கள். பிறகு, 'அடிக்காதீர்கள், இதை நாங்கள் இங்கேயே பழக்கிவிடுவோம்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மறுபடியும் தடம் தெரிந்தால் தேதியோடு பள்ளிப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். தொடர்ந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தெரிவிப்பது உங்கள் கடமை.

பேனாவை எடுக்கும்போதெல்லாம், 'இந்த வரிக்காக இன்று ராத்திரி குழந்தைக்கு அடி விழுமா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். விழும் என்று தோன்றினால், அது டைரியில் எழுத வேண்டியதல்ல, நேரில் பேச வேண்டியது.