நடுவில் கிடக்கும் பணம்

கேள்வி: போக்கர் ஆட்டத்தில் நடுவே சேர்ந்துள்ள பணத்தில் பாதி நான் போட்டதாயிருக்க, எதிராளி பந்தயத்தை ஏற்றிவிட்டால், போட்டதை மீட்பதற்காகவேனும் நானும் கட்டித் தொடர்வதுதானே நியாயம்? நண்பர்கள் ‘ஈக்விட்டி’ என்றும் ‘பாட் ஆட்ஸ்’ என்றும் ஏதோ கணக்குச் சொல்லித் தடுக்கிறார்கள்.

பதில்: நண்பர்கள் தடுப்பது சரியே. மேசையின் நடுவே போய்ச் சேர்ந்த கணத்திலேயே அந்தப் பணம் தங்களுடையதாயிருந்த நிலை நீங்கிவிட்டது. ஈக்விட்டி என்று அவர்கள் சொல்வது, அத்தொகையில் இப்போது தங்களுக்குள்ள பாத்தியதையை. அது இதுவரை தாங்கள் கொடுத்ததைப் பொறுத்ததன்று, இனி ஜயிப்பதற்குள்ள சாத்தியத்தைப் பொறுத்தது.

இந்த விவகாரம் போக்கர் பிறப்பதற்கு முன்பே தீர்ந்துபோனது. பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பணயத்தை எப்படிப் பங்கிடுவது என்ற வினாவுக்கு, 1494இல் வெளியான தம் கணித நூலில் இத்தாலியரான பச்சோலி, அவரவர் ஜயித்த ஆட்டங்களின் விகிதப்படி என்று விடை சொன்னார். தங்களைப் போலவே அவரும் பின்னோக்கிப் பார்த்தவர். 1654இல் பிரான்ஸ் தேசத்துப் பாஸ்கலும் பெர்மாவும் கடிதங்கள் வாயிலாக இதை ஆராய்ந்தபோதுதான், முடிந்த ஆட்டங்களை விட்டு எஞ்சியவற்றை எண்ண வேண்டும் என்பது தெளிவாயிற்று. ஆளுக்கு 32 பிஸ்டோல் நாணயம் வைத்து, முதலில் மூன்று ஆட்டம் ஜயிப்பவருக்கே எல்லாம் என்று ஆடியவர்களில் ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் ஜயித்த நிலையில் ஆட்டம் நின்றால், முன்னவருக்கு 48, பின்னவருக்கு 16 என்பது பாஸ்கலின் தீர்ப்பு: அடுத்த ஆட்டத்தில் தோற்றாலும் சமநிலை வந்து 32 அவருக்கு நிச்சயம், மற்ற 32இல் பாதி உரிமை.

இனித் தங்கள் மேசைக்கு வருவோம். ஆட்டம் டெக்ஸாஸ் ஹோல்டம்; தங்கள் கையில் ஆர்ட்டின் 7, 8; மேசையில் இஸ்பேட் ஏஸ், ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் 3, கிளாவர் ராணி; எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருப்பதாக ஊகிக்கிறீர்கள். எஞ்சிய ஒரே சீட்டு ஆர்ட்டினாக வந்து ஃப்ளஷ் அமைந்தாலன்றித் தங்களுக்கு வெற்றியில்லை. பார்க்காத சீட்டுகள் 46, அவற்றுள் ஆர்ட்டின் 9. ஆகவே நூற்றுக்கு இருபதுக்கும் சற்றுக் குறைவான சாத்தியம். நடுவே 800 ரூபாய் இருக்க, எதிராளி 400 கட்டுகிறார். தாங்களும் 400 கட்டினால் மொத்தம் 1,600. அதில் தங்கள் பாத்தியதை ஏறக்குறைய 313. நானூறு கொடுத்து முந்நூற்றுப் பதின்மூன்றை வாங்கும் வியாபாரத்தை எந்தச் செட்டியாரும் செய்யமாட்டார். அந்த 800இல் தாங்கள் போட்டது எவ்வளவு என்பது இக்கணக்கில் நுழையவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அவர் 200 மட்டுமே கட்டியிருந்தால் கதை வேறு. 1,200இல் தங்கள் பங்கு 235 ஆகுமாதலால் கட்டுவது லாபமே. பாட் ஆட்ஸ் என்பது இதுதான்: முன்னதில் ஒன்றுக்கு மூன்று கிடைத்தது, பின்னதில் ஒன்றுக்கு ஐந்து, தங்களுக்கு வேண்டியதோ நான்குக்குச் சற்று மேல்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஃப்ளஷ் கைகூடிய பின் எதிராளியிடமிருந்து இன்னும் சுமார் 445 ரூபாய் கறக்க முடியுமானால், அந்த 400ஐக் கட்டுவதும் சரிக்கட்டிப் போகும். மூன்றாவது ஆர்ட்டின் எல்லோர் கண்ணெதிரிலும் விழுந்த பிறகும் அவ்வளவு கட்டக்கூடியவரா அவர் என்பதைத் தாங்கள்தான் அறிவீர்கள்.