கையொப்பம் வேறு, பூட்டு வேறு

உயர்தர வகுப்பில் இலத்திரனியல் கையொப்பமும் மறைகுறியாக்கமும் அடுத்தடுத்து வருவதால் பலர் இரண்டையும் ஒன்றென்றே மனனஞ் செய்துவிடுகின்றனர்.

உம்மாவின் கைபேசிச் செயலி, "இந்தக் கணக்குக்கு 5,000 ரூபா அனுப்பு" என்று வங்கிக்குச் செய்தி அனுப்புகிறது என்போம். செயலி முதலில் எஸ்.எச்.ஏ-256 முறையால் அச்செய்தியின் 256 பிட் சுருக்கத்தைக் கணித்து, தன் தனிச் சாவியால் ஒப்பமிடும். வழியில் எவராவது 5,000 ஐ 50,000 ஆக்கினால் சுருக்கம் மாறிவிடும். செயலியின் பொதுச் சாவியால் வங்கி சோதிக்கும்போது பிடிபடும். ஆனால் ஒப்பமிட்ட செய்தியை எவரும் வாசிக்கலாமே! மறைப்பதற்கு வங்கியின் பொதுச் சாவி வேண்டும். பரீட்சையில் தடுமாறும் இடம் இதுதான்: ஒப்பத்திற்கு அனுப்புபவரின் தனிச் சாவி, பூட்டுவதற்குப் பெறுபவரின் பொதுச் சாவி.

1977 இல் உருவான ஆர்.எஸ்.ஏ முறை நீண்ட செய்திகளுக்கு மிக மெதுவானது. ஆகவே செய்தியை ஏ.இ.எஸ் முறையின் தற்காலிகச் சாவியால் பூட்டி, அச்சிறு சாவியை மட்டும் ஆர்.எஸ்.ஏ முறையால் பூட்டுவர்.

இணைய உலாவியில் தெரியும் பூட்டுச் சின்னம் போதாதா? அது இணைப்பின் மறுமுனை வரைக்குமே காக்கும். அங்கிருந்து செய்தி வேறு சேவையகங்களுக்குப் போகுமானால், இடையில் திறந்து கிடக்கும். 2004 இல் ஓயாசிஸ் அமைப்பு ஏற்ற டபிள்யூ.எஸ்-செக்கியூரிட்டி நியமம், ஒப்பத்தையும் பூட்டையும் செய்திக்குள்ளேயே வைத்தது.

இன்னொன்று. திருடன் செய்தியைத் திறக்காமலே பிரதி செய்து மறுநாள் திரும்ப அனுப்பலாம். ஒப்பம் சரியாகவே இருக்கும்; பணம் இரண்டாந்தரமும் போய்விடும்! ஆதலால் நேரக்குறிப்பும், ஒருமுறை மட்டும் செல்லும் இலக்கமும் ஒப்பமிடும் பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே ஒட்டிவைத்தால் அவற்றை அவன் மாற்றிவிடுவான்.